கோயில் நடுவே ஒரு கயிறு

சூசைபுரம், சந்தியாகுபுரம் என்ற இரண்டு ஊர்களின் கத்தோலிக்கப் பங்குகளையும் ஒரே கோயிலின் கீழ் ஒன்றாக்கிவிட்டார் ஆயர். ஆட்களை ஒன்றாக்குவது அவர் கையில் இல்லை. முதல் ஞாயிறன்றே சூசைபுரத்துப் பெரியவர் ராயப்பன், கல்லறைக் குழி வெட்டும் இஞ்ஞாசியிடம் ஒரு கயிற்றைக் கொடுத்தார்.

“கோயிலுக்கு நடுவுல கட்டு. சந்தியாகுபுரத்தான் எவனும் நம்ம ஆளுங்க பக்கத்துல உட்காரக் கூடாது.”

“சரிங்கய்யா. கல்லறைத் தோட்டத்துலயும் கட்டணுமா?”

“அங்க எதுக்கு?”

“ரெண்டு ஊருக்கும் அது ஒண்ணுதானேங்க. உங்கப்பா படுத்திருக்கிறதே சந்தியாகுபுரத்தார் ரெண்டு பேருக்கு நடுவுல. முப்பது வருஷமா அவர் முணுமுணுக்கல. நீங்க சொன்னா, தோண்டி இந்தப் பக்கம் மாத்திடறேன்.”

கயிறு கட்டப்படாமல் இஞ்ஞாசி கையிலேயே இருந்தது. பூசை மணி அடித்தது. ராயப்பன் உள்ளே போனபோது ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது, சந்தியாகுபுரத்தார் இரண்டு பேருக்கு நடுவில்.

உட்கார்ந்தார். அவரும் முணுமுணுக்கவில்லை.