நல்லதம்பி மூடாமல் விட்ட டேக்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று. இதென்ன தலைகீழாக இருக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. நடந்தது அப்படி.

குருவின் பெயர் தில்லைக்கரசி. திருச்சி உறையூரில் ஒரு மாடியில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு, பழைய போன்களிலும் ஓடக்கூடிய ஓர் இணைய உலாவியைக் கட்டிக்கொண்டிருந்தார். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சீடர் சவரிராயர். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கணினி படிக்க வந்துவிட்டார். ஆறே மாதத்தில் மற்ற நாலு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதாக அவரே எல்லோரிடமும் சொல்வார். உண்மையும் அதுதான், அதனால் யாரும் மறுத்ததில்லை.

டீச்சர் அவரிடம் கொடுத்திருந்தது முக்கியமான வேலை. இணையப் பக்கத்தை எழுதுகிறவர்கள் டேக் என்கிற அடையாளங்களை வைத்து எழுதுவார்கள். இங்கே அட்டவணை ஆரம்பம், இங்கே ஒரு வரிசை ஆரம்பம், இங்கே அந்த வரிசை முடிவு. திறந்ததை மூட வேண்டும். அதையெல்லாம் வாசித்துப் பக்கத்தைத் திரையில் கொண்டுவருகிற பகுதியைத்தான் சவரிராயர் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதுகிறவர்கள் மனுஷர்கள்தானே, மூட மறந்துவிடுவார்கள். சவரிராயர் மறக்கிறவர்களை மன்னிக்கிற ஆள் இல்லை. அவர் எழுதியது ஒரு தவறைக் கண்டால் போதும், அங்கேயே நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் 'பதினான்காம் வரியில் பிழை' என்று ஒரே ஒரு வாக்கியம்.

"சந்தேகம்னு வந்தா சிவப்பு விழணும், டீச்சர். முப்பத்தஞ்சு வருஷத்துல என் செக்‌ஷன்ல ஒரு விபத்து கிடையாது."

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. முப்பது பேர் போனில் போட்டுப் பார்ப்போம் சார் என்றார். போட்டார்கள்.

மூன்றாம் நாள் அந்த முப்பது பேரில் ஒருத்தியான கோகிலா லால்குடியிலிருந்து போன் செய்தாள். அவளுடைய குழந்தை பாதம் உள்பக்கமாக வளைந்து பிறந்தது. மாவுக்கட்டு போட்டு நிமிர்த்திப் பிரித்தாயிற்று. இனி கம்பி கோத்த காலணியை மாட்டிவிட வேண்டும். எந்த மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்வதை, நல்லதம்பி என்கிற பிசியோதெரபிஸ்ட் ஒரு பக்கத்தில் அட்டவணையாகப் போட்டுவைத்திருந்தார். நேரம் குறைந்தால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள். இப்போது திறந்தால் சிவப்பாக நிற்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

சவரிராயருக்கு அதில் குழப்பமே இல்லை. எழுதியவரைத் திருத்தச் சொல்ல வேண்டியதுதானே என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க சார்."

டீச்சர் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

எடுத்தது நல்லதம்பியின் தம்பி. அண்ணன் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது என்றார். நாலு பேருக்கு உதவுகிற பக்கம், அது மட்டும் இருக்கட்டும் என்று வைத்திருப்பதாகவும், அதில் கை வைக்கத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். சவரிராயர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"செத்தவர் செஞ்ச தப்புக்கு அந்தப் புள்ளைக்கு ஏன் டீச்சர் சிவப்பு விழணும்?"

"விழ வச்சது யாரு சார்?"

மனுஷர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பைத் தூக்கி எறிந்தார். இனி நிறுத்துவதில்லை, திருத்துவது என்று முடிவு செய்தார். எங்கெல்லாம் மூடாமல் விட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் எழுதியவர் இதைத்தான் நினைத்திருப்பார் என்று ஊகித்துத் தானே மூடினார்.

இரண்டே நாளில் நல்லதம்பியின் பக்கம் திறந்தது. அட்டவணை கட்டம் கட்டமாக, பார்க்கவே அழகாக இருந்தது. சவரிராயருக்குப் பெருமை பிடிபடவில்லை. டீ கொண்டுவந்தவரைக்கூட நிற்கவைத்துக் காட்டினார். அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் ரொம்ப நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் கோகிலா மறுபடி போன் செய்தாள். அவள் போனில் நாலாம் மாதத்துக்குப் பதினான்கு மணி நேரம் என்று இருக்கிறது. புருஷன் போனில், வேறு உலாவியில், இருபத்திரண்டு என்று இருக்கிறது. பக்கம் என்னவோ ஒன்றுதான். முந்தின நாள் அவள் தன் போனைப் பார்த்துப் பதினான்கு மணி நேரத்திலேயே காலணியைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"நான் எதைத்தான் நம்புறது?" என்று கேட்டாள்.

டீச்சர் உடனே ஆஸ்பத்திரிக்குப் பேசினார். இருபத்திரண்டுதான் சரி. ஒரு நாள் விட்டதால் பாதகமில்லை, இப்போதே மாட்டிவிடட்டும் என்றார்கள். கோகிலாவிடம் அதைச் சொல்லி, புருஷன் போனையே பார்த்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர்.

நல்லதம்பி ஒரு வரிசையை மூட மறந்திருந்தார். சவரிராயர் அதை ஒரு கட்டம் முன்னதாக மூடிவிட்டார். அதனால் மணிக்கணக்கெல்லாம் ஒரு வரிசை நழுவிப் பக்கத்து மாதத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பார்க்க அழகாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சவரிராயர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பேரப்பிள்ளை எடுத்த வயது அவருக்கு. ஒரு பச்சைப் பிள்ளையின் கால் விஷயத்தில் தன் கை தவறியது அவரைப் போட்டு அறுத்தது.

"நிறுத்தினாலும் தப்பு. திருத்தினாலும் தப்பு. பின்ன என்னதான் டீச்சர் செய்யறது?"

டீச்சர் வேறெதையோ கேட்டார். "நல்லதம்பி இதை எழுதி முடிச்சதும் என்ன செஞ்சிருப்பார் சார்?"

"திறந்து பார்த்திருப்பார்."

"எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். இல்லேன்னா அன்னிக்கே திருத்தியிருப்பாரே."

"அன்னிக்கு அவர் பார்த்தது இன்னிக்குக் கோகிலாவுக்குத் தெரியணும். இதுல நம்ம ஊகத்துக்கு என்ன சார் வேலை?"

சொல்லிவிட்டுத் தன் கணினியில் ஒரு புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். உலாவி செய்கிறவர்கள் கூடிப் பேசி எழுதிவைத்த விதிப்புத்தகம். சரியாக எழுதிய பக்கத்தை எப்படி வாசிப்பது என்பது மட்டுமில்லை, தப்பாக எழுதியதை எப்படி வாசிப்பது என்றும் அதில் இருந்தது. இந்த டேக்கை மூடாமல் விட்டால் இது, அந்த டேக் இடம் மாறி வந்தால் அது என்று ஒவ்வொரு தவறுக்கும் ஒரு விதி. சவரிராயர் அந்தப் பகுதியை முதல் மாதமே பார்த்திருந்தார். தப்பு செய்கிறவர்களுக்காக எழுதியது நமக்கெதற்கு என்று தாண்டிப் போயிருந்தார்.

"சிக்னலே பழுதாகி நின்னுட்டா உங்க டிரைவர் என்ன சார் செய்வார்?"

"ஸ்டேஷன் மாஸ்டர் சீட்டு கொடுப்பார். அதுல போட்ட வேகத்துல போவார்."

"டிரைவருக்கு டிரைவர் மாறுமா?"

"மாறினா அது ரயில்வேயா?" சவரிராயர் சுருக்கென்று நிமிர்ந்தார். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

நாற்பது நாள் ஆயிற்று அவருக்கு. ஊகித்து எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக எழுதினார். சில விதிகள் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இதைவிட லட்சணமாக நானே மூடுவேனே என்று கை துறுதுறுத்தது. ஆனாலும் புத்தகம் சொன்ன இடத்தில்தான் மூடினார். கடைசியில் ஓட்டை உடைசலாக எழுதிய ஆயிரம் பக்கங்களைத் தேடிப்பிடித்து, மற்ற உலாவிகளில் ஒரு தடவையும் தங்கள் உலாவியில் ஒரு தடவையும் திறந்து பார்த்தார். ஆயிரமும் ஒரே மாதிரி தெரிந்தன. அதை மறுபடி முப்பது பேர் போனிலும் போட்டார்கள். கோகிலாவும் பழையபடி தன் போனிலேயே அட்டவணையைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் கழித்து உலாவியை ஊருக்கே திறந்துவிட நாள் குறித்தார்கள்.

வெளியீட்டு நாளன்று மாடி நிறைய ஆட்கள். சின்னவர்கள் நாலு பேரும் போவோர் வருவோரையெல்லாம் பிடித்து, இந்த நிறம் நான் போட்டது, இந்தப் பொத்தான் நான் வைத்தது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். சவரிராயரின் சம்சாரம் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். உங்களோடது எதுங்க என்று கேட்டார். சவரிராயர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். விரல் வைத்துக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை.

கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம் வந்து நின்றார். கேட்கவே கூச்சமாகத்தான் இருந்தது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அத்தனை நாள் உழைச்சேன். மத்ததுல எப்படித் தெரியுதோ அப்படியேதான் நம்மதுலயும் தெரியுது. இதுல நான் செஞ்சதுன்னு எதை டீச்சர் காட்டறது?"

டீச்சர் தன் போனை எடுத்தார். வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்து, கீழே கீழே தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி அவர் கையில் கொடுத்தார்.

"கோகிலா கடைசியா போன் பண்ணி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, சார்."