வலப்பக்கத்து இலை

வேலப்பன் மடத்து வாசலில் ஒரு கல்லைப் போட்டு வைத்திருந்தான்.

அண்டாவை இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, பழைய சமையல்காரர் பாதிப் பந்தியில் ஊருக்குப் போய்விட்டார். புது ஆளைப் பார்க்கும் பொறுப்பை அடிகள் தம் சீடன் வேலப்பனிடம் விட்டிருந்தார். சூடு கண்ட பூனை அவன். கல்லைத் தூக்கிக் கிணறுவரை நடந்து காட்டினால்தான் அடுப்படிக்குள்ளேயே விடுவது என்று சட்டம் போட்டுவிட்டான்.

மரகதம் வேலை கேட்டு, இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாள். கல்லைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு புளிக்குழம்பு வெச்சுக் காட்டட்டுங்களா?"

"முதல்ல கல்லும்மா. அப்புறந்தான் குழம்பு."

"சின்ன வயசுலயே கால் சூம்பிப்போச்சுங்க. நின்னு சமைப்பேன். தூக்கிட்டு நடக்கத்தான் முடியாது."

"அப்போ சரிப்படாதும்மா."

"போன இடத்துல எல்லாம் காலைத்தான் பார்த்தாங்க. ஒருத்தரும் அடுப்புகிட்ட விடல. வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. இதுவும் இல்லைன்னா..." அவள் முடிக்கவில்லை.

வேலப்பன் கல்நெஞ்சக்காரன் இல்லை, பாவம். ஆனால் சட்டம் சட்டம்தானே, அதுவும் தானே போட்ட சட்டம். மரகதம் எதிரே வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தாள்.

அடிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வா, நந்தவனம் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று வேலப்பனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வழியில் என்னவோ சொன்னார்.

"என்ன சாமி?"

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி வேலப்பனுக்கு வலியே வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தான், அடிகள் அவனுக்கு இடப்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

"சாமி, இந்தக் காது செவிடுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அடிகள் வலப்பக்கம் வந்தார். "தெரியுமே. எப்பத் தெரிஞ்சுது?"

வேலப்பன் யோசித்தான். தேவாரம் பாட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் இந்த வாசலுக்கு வந்த நாளில், அடிகள் சொன்ன முதல் வார்த்தை, 'பாடு.' பாடினான். 'நாளைக் காலைப் பூசையிலேருந்து நீதான்' என்றார். அதற்கப்புறம்தான், 'உனக்கு ஏதாவது தோதாச் செஞ்சு தரணுமா?' என்று கேட்டார். பயந்து பயந்து காதைப் பற்றிச் சொன்னான். மறுநாள் தாளம் போடுகிறவர் இடம் மாறி அவன் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பிறகு மடத்தில் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. அவனுக்கே காது மறந்துபோயிருந்தது.

"பாடின பிறகு சாமி" என்றான்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. வேலப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

அன்று மத்தியானப் பந்தியில் புளிக்குழம்பு. மறுசோறு கேட்காத இலை இல்லை. மரகதம் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, சாப்பிடுகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலப்பன் கை கழுவக்கூட எழவில்லை, இலையில் உட்கார்ந்தபடியே, "நாளையிலேருந்து நீங்கதாம்மா" என்று சொல்லிவிட்டான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சொல்லிவிட்டானே தவிர, மனசுக்குள் குடைச்சல் போகவில்லை. இடமில்லாமல் அன்று இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அடிகளிடம் குனிந்து கேட்டான்.

"சாமி, குழம்பு அமிர்தம். ஆனா இன்னிக்கு நான் இறக்கினேன், தினம் அவ்வளவு பெரிய அண்டாவை அந்தம்மா எப்படி இறக்கும்?"

அடிகள் பதில் சொன்னார். வேலப்பனுக்குக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் யாரும் இடம் மாற மாட்டார்கள். அடிகள் சோற்றோடு இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். சுற்றி வந்து, அவன் வலப்பக்கம் இருந்தவர்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

"கேக்கலையா? இதோ, நான் நகந்துட்டேன். அவ்வளவுதானே வேலப்பா."