நிறைஞ்சா பாத்துக்கலாம்

சிறுமலையில் மூடுபனி இறங்கினால் பத்து மணிவரை எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. அப்படி ஒரு தை மாதக் காலையில், தியான இல்லத்தின் பின்பக்கம் ஒரு லாரி வந்தது. முதலில் சத்தம் வந்தது. பிறகு விளக்கு வெளிச்சம். லாரி வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

இல்லத்தை நடத்தியவர் தில்லைநாயகி. நாற்பத்தைந்து வயது. அவரிடம் தியானம் கற்க வந்து, அங்கேயே தங்கிவிட்ட கோதண்டபாணிக்கு அறுபத்தேழு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடப் பராமரிப்பு அவர் பொறுப்பு.

கழிவறைகளில் நான்கு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை. மறுநாள் முப்பது பேர் தியானத்துக்கு வருவதாக இருந்தது.

லாரியில் வந்த ஜெயசீலன் கடப்பாரையால் செப்டிக் டேங்க் மூடியை நெம்பித் தள்ளினார்.

"கடைசியா எப்பய்யா எடுத்தீங்க?"

கோதண்டபாணி யோசித்தார். "எட்டு வருசம் இருக்கும்."

"மூணு வருசத்துக்கு ஒருக்க எடுக்கணும்."

"நிறைஞ்சா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

குழாய் உள்ளே போனது. மோட்டார் ஓடியது. பனிக்குள் அந்தச் சத்தம், யாரோ ஆழ்ந்து தூங்குவது போல ஏறி இறங்கியது. கோதண்டபாணி மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு கண்களை மூடினார். நின்ற இடம் மெல்ல மிதப்பது போலிருந்தது. நாற்றம்கூட வேறெங்கோ இருந்தது.

சத்தம் மாறியது. குழாய் வெறும் காற்றை இழுத்தது.

"தண்ணியெல்லாம் வந்துருச்சு. அடியில கெட்டியா இறுகிக் கெடக்கு," என்றார் ஜெயசீலன். சட்டையைக் கழற்றி லாரிக் கண்ணாடியில் மாட்டினார். "எறங்கி வெட்டி விடணும். ரெண்டு நிமிசம்."

கோதண்டபாணி தலையாட்டினார். "சரிப்பா, சீக்கிரம்."

தில்லைநாயகி எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. திறந்த தொட்டிக்கும் ஜெயசீலனுக்கும் நடுவில் நின்றிருந்தார்.

"சட்டையப் போடுங்க தம்பி."

"பழக்கம்தாம்மா."

"எத்தன வருசமா?"

ஜெயசீலன் மாட்டிய சட்டையைக் கையில் எடுத்தார்.

"எங்க அண்ணனுக்கு என்னவிடப் பழக்கம். அன்னைக்கும் ரெண்டு நிமிசம்னுதான் சொல்லிட்டு எறங்குனாரு. மேல நாந்தான் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

பனியில் அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் எறங்குறீங்க?"

"நான் எறங்கலன்னா வேற ஆளக் கூப்பிடுவாங்கம்மா. அவன் எறங்குவான்."

தில்லைநாயகி கோதண்டபாணியிடம் திரும்பினார். "நாளைக்கு வர்றவங்கள அடுத்த வாரம் வரச் சொல்லிருங்க."

"ரெண்டு மாசமா ஏற்பாடு பண்ணுனதும்மா."

"ஆமா."

கோதண்டபாணி உள்ளே போய் முப்பது பேருக்கும் போன் செய்தார். திரும்பி வந்தபோது தில்லைநாயகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெயசீலன் மேலே நின்றபடி நீண்ட மூங்கிலால் கிளறினார்.

"குனியாதீங்கம்மா. காத்து வர்ற பக்கமா நில்லுங்க."

தில்லைநாயகி சொன்னபடி நகர்ந்து நின்றார்.

கோதண்டபாணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாளியை வாங்கினார். ஊற்றினார்கள், கிளறினார்கள், ஊறட்டும் என்று காத்திருந்தார்கள். லாரி மலையிறங்கிப் போய், மறுபடி ஏறி வந்தது. பனி விலகியது, சாயங்காலம் திரும்ப வந்து மூடிக்கொண்டது. இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது. காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு ஜெயசீலன் கிளம்பினார்.

அன்று மாலை தியானத்தில் உட்கார்ந்த கோதண்டபாணியின் கைகளில் ஒரு கயிறு இருந்தது. கீழே வெள்ளையாகப் பனி. கயிற்றில் கனம் இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. இழுக்கவும் பயமாக இருந்தது. கண் திறந்தபோது தில்லைநாயகி கூடத்திலிருந்து எழுந்து போயிருந்தார்.

மறுநாள் மதியம்தான் அடிக்கசடு முழுதும் குழாயில் ஏறியது. மூடியைப் போட்டு, ஓரத்தில் சிமெண்டு பூசி, கைகால் கழுவி, டீ குடித்துவிட்டு ஜெயசீலன் கிளம்பினார். கோதண்டபாணி வாசல்வரை கூடவே போனார். லாரி வளைவில் திரும்பி மறைந்தது.

தில்லைநாயகி கிணற்றடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர் எறங்குறேன்னப்ப நான் தலையாட்டிட்டேன்."

"பாத்தேன்."

"ஒரு மண்டலம் மௌனம் இருக்கட்டுமா?"

"அதுல அவருக்கு என்ன?"

கோதண்டபாணி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்.

"வேற என்ன செய்யட்டும்?"

"மூணு வருசம் கழிச்சு, தை மாசம், அவருக்குப் போன் பண்ணுங்க."

"அப்ப எனக்கு எழுபது வயசும்மா. இருப்பேனோ என்னவோ."

தில்லைநாயகி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப, தேதிய சுவத்துல எழுதி வைங்க."