இங்கே இல்லாத குப்பிகள்

இக்கதையின் தீர்ப்பு இறுதியில் உங்களிடமே கேட்கப்படும். ஆதலால், யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதைக் கவனித்து வருக.

மதுரையில் ஓர் ஆய்வகம். அதன் தலைவி செண்பகவடிவு. சிதைய வேண்டிய கொழுப்பு சிதையாமல் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய்களை ஆராய்வது அவள் தொழில். சேமிப்பு நோய்கள் என்பது அவற்றின் பெயர். நோயுற்ற பிள்ளையின் தோலில் மிளகளவு எடுத்து, அதன் செல்களைக் கருவிலிருந்த இளமைக்குத் திருப்பி, முடிவின்றிப் பெருகும் குருத்தணுக்களாக்குவாள். அவற்றிலிருந்து மூளைச் செல்களை வளர்த்து மருந்துகளைச் சோதிப்பாள். தோலாக இருந்தது மூளைச் செல்லாக வளர ஓராண்டுக்கு மேலாகும். எஞ்சியவை சிறு குப்பிகளில், திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில், சாகாமல் உறைந்து கிடக்கும்.

சாத்தான்குளம் பக்கத்துச் சிறுவன் இசக்கிராசாவின் தோலும் அவ்வாறு எடுக்கப்பட்டது. தந்தை லிங்கதுரை கையெழுத்திட்டான். தாய் பிரம்மசக்தியோ பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை.

“இது என்ன நோவு, டாக்டரம்மா?”

“சேமிப்பு நோய் என்போம், அம்மா. கழிய வேண்டியது கழியாமல் உள்ளே சேர்ந்துவிடுகிறது.”

பிரம்மசக்தி சிரித்தாள். “எங்க வீட்டுல வேற எதுவுந்தான் சேந்ததில்ல. இதாவது சேருதே.” பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். “சேத்துச் சேத்துத்தான் எம்புள்ள இப்பிடிக் கெடக்கான். நீங்களும் அவனச் சேத்து வைக்காதீய. அவன் மண்ணுக்குப் போற அன்னைக்கு, எடுத்ததும் போயிரணும். சத்தியம் பண்ணுங்க.”

செண்பகவடிவு அவள் கையில் அடித்துச் சொன்னாள்: “அவன் மண்ணுக்குப் போகும் நாளில் இங்கே ஒரு குப்பிகூட இருக்காது.” ‘இங்கே’ என்பதை அன்று அவள் எண்ணிச் சொல்லவில்லை, வாயில் வந்தது.

லிங்கதுரையின் குடும்பமும் பிரம்மசக்தியின் குடும்பமும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. பிரம்மசக்தி லிங்கதுரைக்கு அத்தை மகள். அவன் தங்கை தங்கபுஷ்பம் பிரம்மசக்தியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். இசக்கிராசா கண்ணொளி இழந்து, விழுங்கவும் மறந்திருந்த நாள்களில், தங்கபுஷ்பத்தின் கைக்குழந்தை சிறு ஓசைக்கும் துள்ளி விழத் தொடங்கியது. இரத்தச் சோதனை அதே பழுதைக் காட்டியது. ஆய்வகத்திலோ, இசக்கிராசாவின் செல்களில் ஒரு மருந்து கொழுப்பைக் கரைக்கத் தொடங்கியிருந்தது. குப்பிகளை அழித்தால் அச்சோதனை நின்றுவிடும். குழந்தையின் தோலிலிருந்து புதிதாகத் தொடங்கினால், செல் வளருமுன் மூளை அழிந்துவிடும்.

“எம்பொண்டாட்டிகிட்ட இதச் சொல்லாதீய, மேடம்” என்றான் லிங்கதுரை. “பெத்த புள்ள கெடக்கையில இதையும் தாங்க மாட்டா. குப்பிய வச்சுக்கிடுங்க. கையெழுத்துப் போட்டவன் நான்தான?”

ஒருநாள் காலையில் இசக்கிராசா இறந்த செய்தி வந்தது. செண்பகவடிவு குப்பிகளின் முன் வெகுநேரம் நின்றாள். அழித்தால் ஒரு குழந்தையின் ஒரே வாய்ப்பு போகும். வைத்தால் சத்தியம் போகும். தாயிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணினாள், தாய் மறுத்துவிட்டால்? அப்போதுதான் சத்தியத்திலிருந்த ‘இங்கே’ என்ற மூன்றெழுத்துச் சொல் அவள் நினைவுக்கு வந்தது. எல்லாக் குப்பிகளையும் குளிர்கலத்தில் அடைத்து, பெங்களூரில் தன் தோழி நடத்தும் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சாத்தான்குளத்துக்குக் காரேறினாள்.

அடக்கம் முடிந்திருந்தது. பிரம்மசக்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடி வெறிதாகியும், பிள்ளையைத் தாங்குபவை போலவே முழங்கால்கள் மடங்கியிருந்தன.

“சொன்னபடி செய்துவிட்டேன், அம்மா. ஆய்வகத்தில் ஒரு குப்பிகூட இல்லை.”

“புண்ணியமாப் போவும் ஒங்களுக்கு” என்று அவள் கைகூப்பினாள். அக்கூப்பிய கைகளைச் செண்பகவடிவால் பார்க்க இயலவில்லை.

வாசலில் இரைச்சல் எழுந்தது. “ஏட்டி, துட்டி வீட்டுக்குள்ள கைப்புள்ளயத் தூக்கிட்டு வாறியே, ஒனக்குக் கூறு இருக்கா?” என்று சாவுக்கு வந்திருந்த பெண்கள் ஏசினர். லிங்கதுரை எழுந்து மறித்தான். தங்கபுஷ்பம் அண்ணனின் கைக்கடியில் குனிந்து நுழைந்து, குழந்தையை அந்த வெறும் மடியில் கிடத்தினாள்.

“மதினி, இவனுக்கும் அதேதான். ராசாவோடது இருந்தாத்தான் மருந்து பாக்க முடியுமாம். அண்ணன் ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னான். ஒங்களக் கேக்காம எடுத்தா எம்புள்ளைக்கு ஆகாது. குடுப்பியளா மாட்டியளா, நீங்களே சொல்லுங்க.”

அடுக்களையில் ஒரு செம்பு உருண்டது. மடியிலிருந்த குழந்தை துள்ளி விறைத்தது. அத்துள்ளலைப் பிரம்மசக்தி அறிவாள். அவள் கை தானாகவே அதன் மார்பின்மேல் படிந்தது. பிறகு அவள் தலை நிமிர்ந்தாள்.

“அங்கதான் ஒண்ணும் இல்லங்கிய. எங்கயும் இல்லையா, டாக்டரம்மா?”



கதை இவ்விடத்தில் நிற்கிறது. கையெழுத்தின் உரிமையைக் கொண்டு குப்பிகளை வைத்துக்கொள்ளச் சொன்னான் லிங்கதுரை. சத்தியத்தில் ஒரு சொல்லும் பிசகாமல் நடந்தாள் செண்பகவடிவு. வழக்கத்தை மிதித்துத் துட்டி வீட்டில் வந்து கேட்டாள் தங்கபுஷ்பம். பிரம்மசக்திக்கு இம்மூவருள் நேர்மையாக நடந்தவர் யார்?

விடை: தங்கபுஷ்பமே. கொடுத்த வாக்கு கொடுத்தவர் உடைமையன்று, பெற்றவர் உடைமை. அதை விடுவிக்கும் உரிமை பிரம்மசக்தி ஒருத்திக்கே உண்டு. அவளது துயருக்கு அஞ்சிய கணவனும், அவளது மறுப்புக்கு அஞ்சிய செண்பகவடிவும் அவளைக் கேட்கவில்லை. ‘இங்கே’ என்பது இடத்தைச் சுட்டும் சொல். தாய் வேண்டியதோ இடமாற்றம் அன்று, முடிவு. ஆதலால், சொல் பிசகாத அச்சத்தியமே இக்கதையின் மிகப் பெரிய பொய். குப்பிகள் பின்னர் மதுரைக்குத் திரும்பின. மருந்து முந்துமா நோய் முந்துமா என்பதை இப்புதிர் அறியாது. அன்று, குப்பிகள் பெங்களூரில் இருப்பதைச் செண்பகவடிவு ஒப்புக்கொண்டதும், பிரம்மசக்தி குழந்தையை மடியைவிட்டு இறக்காமலே, “வச்சுக்கிடுங்க” என்றாள். இம்முறை அவள் சத்தியம் கேட்கவில்லை.