பார்க்காமல் வைக்கும் கால்

இது சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொல்கிற வாய்க்கு உப்பும் உறைப்பும் தெரியாமல் போகட்டும். மிச்சமிருக்கும் பல்லும் இன்றைக்கே கொட்டட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஸ்டூல் எப்படி நடக்கும் என்று குறுக்குக் கேள்வி போடக் கூடாது. அதற்கு நாலு கால் இருக்கிறது. இரண்டே காலை வைத்துக்கொண்டு நாம் போகாத இடமா?

ஒரு ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டாக்டரின் கிளினிக் இருந்தது. அங்கே நோயாளிகளைப் படுக்க வைத்துப் பார்க்க ஓர் உயரமான கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு படி வைத்த இரும்பு ஸ்டூல். வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து, ஸ்டூலை மிதித்துக் கட்டிலில் ஏறுவார்கள். வைத்தியம் ஆனதும் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஸ்டூலை மிதித்து இறங்கிப் போவார்கள்.

ஸ்டூலுக்கு மனிதர்களின் முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை. பாதம்தான் பழக்கம். பித்தவெடிப்புக் குதிகால், மெட்டி அழுத்திய விரல், ஊசிக்குப் பயந்து ஜில்லிட்டுப்போன குட்டிக்கால் என்று எல்லாவற்றையும் அது அடையாளம் சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை.

முன்பெல்லாம் கேட்க ஆள் இருந்தது. மேஜை மேல் பாதரசம் வைத்த பழைய பிரஷர் பெட்டி இருந்தது. அது ஸ்டூலை மாப்ளே என்றுதான் கூப்பிடும். ஸ்பிரிட் பாட்டிலுக்குள் கழுத்தளவு முங்கியபடி கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தாள். பெரிய இடத்து நாக்குகளுக்கு அடியிலெல்லாம் இருந்து வந்தவள் என்பதால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் மூன்றும் ஊர்க்கதையை எடுத்தால், சாயங்காலம் ஷட்டர் திறக்கும் வரை நிறுத்தாது.

பிறகு ஆள் மாற்றம் ஆரம்பித்தது. முதலில் தெர்மாமீட்டர் போனாள். அவள் இடத்தில், ஆளைத் தொடாமலே நெற்றிக்கு நேராக நீட்டிச் சுடுகிற துப்பாக்கி ஒன்று வந்தது. அடுத்து பிரஷர் பெட்டி போனது. அதன் இடத்தில், பெண் குரலில் கணக்குச் சொல்லும் மிஷின் வந்தது. அந்த மாதமே, கூட்டித் துடைக்க வந்துகொண்டிருந்த பெண்ணையும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர், நர்ஸாக இருந்த வேணி சிஸ்டரைக் கூப்பிட்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா என்றார். வேணி சிஸ்டர் யாரிடம் சொல்வாள்? குனிந்து ஸ்டூலை இழுத்தாள்.

அன்றிலிருந்து ஸ்டூலுக்கு உத்தியோகம் பெருகியது. காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்தது. ஃபேன் துடைக்க ஏணியானது. கூரியர் பார்சலையும், வந்தவர்களின் ஹெல்மெட்டையும் சுமந்தது. இடையில் யாராவது கட்டிலில் ஏற வந்தால், எங்கே இருந்தாலும் தரையில் கிறீச்சிட்டபடி திரும்ப வர வேண்டும்.

வேலைகூட அதற்குப் பெரிதாகத் தெரியவில்லை. மத்தியானம்தான் தாங்கவில்லை. புதியவை இரண்டும் ஸ்விட்சை அணைத்த நொடியில் தூங்கிவிடும். ஒருநாள் மிஷினிடம், எந்த ஊர் என்று கேட்டுப் பார்த்தது. பதில் இல்லை. சுவரில் பல்லி மட்டும் ஒருதரம் கத்தியது. தன்னைத்தான் கேட்டதாக நினைத்திருக்கும்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. கிளினிக்கில் அன்றைக்குக் கருவிகளுக்கெல்லாம் லீவு. வேணி சிஸ்டர் எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஸ்டெதாஸ்கோப்புக்குப் பொட்டு. வந்து நாலு மாதம் ஆகாத மிஷினுக்குப் பொட்டு. சுடுகிற துப்பாக்கிக்கும், காகிதம் குத்தும் ஸ்டேப்ளருக்கும், வாசலில் டாக்டரின் காருக்கும் பொட்டு.

ஸ்டூலுக்கு மட்டும் அன்றைக்கும் டியூட்டி. அதன் மேல் ஏறி நின்றுதான் சிஸ்டர் மாவிலைத் தோரணம் கட்டினாள். அப்போது அவள் விரலிலிருந்து ஒரு சொட்டுச் சந்தனம் ஸ்டூலின் மேல்படியில் விழுந்தது. ஸ்டூலுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. வேணுமென்று வைத்ததா, தவறி விழுந்ததா என்று அது ஆராயவில்லை. விழுந்தது போதும் என்றிருந்தது.

இறங்கும்போது சிஸ்டர் அதைப் பார்த்தாள். "ஐயோ, வழுக்கிடப் போவுது" என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பொரி அள்ளப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம், டாக்டர் போனதும், சிஸ்டர் டிபன் பாக்ஸோடு முன்னறைக்குப் போனதும், ஸ்டூல் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தது. பிறகு இன்னொன்று. பின்கதவு திறந்துதான் கிடந்தது. போய்விட்டது.

தூரமாக எல்லாம் போகவில்லை. கிளினிக்குக்குப் பின்னால், தட்டுமுட்டுச் சாமான் போடும் தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே ஒரு சாக்குக்குள் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரும் கிடந்தார்கள்.

"யாரு, மாப்ளையா?" என்றது பிரஷர் பெட்டி. "உன்னையும் தூக்கிட்டாங்களா?"

"இல்ல மாமா. நானாத்தான் வந்துட்டேன்."

 யாரும் காதில் வாங்கிவிடக் கூடாது என்பது போல பெட்டி மெதுவாகக் கேட்டது. "அங்க என்னைப் பத்தி யாராச்சும் கேக்குறாங்களா?"

கேட்கவில்லை. ஒருவர்கூட, ஒருநாள்கூடக் கேட்கவில்லை. ஸ்டூல் தன் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அதற்கு வாய்ப்பும் வந்ததில்லை. "கேக்காம இருப்பாங்களா மாமா," என்றது. "அந்தப் பெட்டி மாதிரி வருமான்னு தினமும் பேச்சுத்தான்."

சாக்குக்குள் தெர்மாமீட்டர் சிரித்தாள். "பொய் சொல்லவும் ஒரு சூடு வேணும்யா. உனக்கு நார்மல்கூட இல்ல."

பிறகு அவளே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். தேடுகிறார்களா என்று பார்க்கத்தானே வந்தாய் என்றாள். ஸ்டூல் இல்லை என்று சொல்லவில்லை. அப்படியானால் வாயை மூடிக்கொண்டு கிளினிக் சுவரில் இருக்கும் வெண்டிலேட்டர் ஜன்னல் பக்கம் காதை வை, எல்லாம் கேட்கும் என்றாள்.

சாயங்காலம் ஷட்டர் திறந்தது. ஸ்டூல் காதை வைத்தது.

காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். ஏறிப் படும்மா என்றார் டாக்டர். அவள் தாவி ஏறிவிட்டாள். ஸ்டூல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பருத்த ஆள் வந்தார். முக்கி முனகிக் கையை ஊன்றி ஏறினார். கேட்கவில்லை. அடுத்து வந்தவருக்கு வேணி சிஸ்டர் முன்னறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான். சமாளித்துவிட்டார்கள். உலகத்திலேயே கேட்பதற்குக் கஷ்டமான சத்தம், நாம் இல்லாமல் மற்றவர்கள் சமாளிக்கிற சத்தம்தான். ஸ்டூல் அதை வரிசையாக, ஒன்று விடாமல் கேட்டது.

அப்புறம் ஒரு தொண்டைச் செருமல். அதன் பின்னால், தேய்த்துத் தேய்த்து வைக்கிற நடை.

ஸ்டூலுக்கு அந்தக் காலைத் தெரியும். அது கண்டக்டர் தேவசகாயத்தின் கால். டவுன் பஸ்ஸில் ஃபுட்போர்டிலேயே நின்று காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். எதிலிருந்து இறங்கினாலும் கீழே பார்க்க மாட்டார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகக் காலை விட்டு, போலாம் ரைட் என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. காலில்தான் உணர்ச்சி போய்விட்டது. சர்க்கரை. ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஸ்டூல் அடியில் இருந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

அவரை நாற்காலி போட்டு ஏற்றினார்கள். பேச்சுச் சத்தத்தில் எல்லாம் விளங்கியது. நடுவில் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் பையோடு வந்தார். உட்காருங்க சார் என்று வேணி சிஸ்டர் அந்த நாற்காலியை எடுத்து அவருக்குப் போட்டாள்.

ஸ்டூல் நிமிர்ந்தது.

"இரு," என்றாள் தெர்மாமீட்டர். "ஒருத்தர் விழட்டும். அப்பத்தான் உன் அருமை தெரியும். நாளைக்கே சந்தனம் வெப்பாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. கட்டாயம் வைத்திருப்பார்கள். ஸ்டூலும் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் அதன் மேல்படியில் சந்தனம் விழுந்த இடம் மறுபடி குளிர்ந்ததாம்.

உள்ளே டாக்டர், "ம், மெதுவா இறங்குங்க" என்றார்.

"அவர் பாக்க மாட்டாரு," என்றது ஸ்டூல். "பாக்காமத்தான் காலை வெப்பாரு."

"ஓடு மாப்ளே," என்றது பிரஷர் பெட்டி.

ஓடியது. இரும்பு ஸ்டூல் ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கன்றுக்குட்டி மாதிரி ஓடும். பின்கதவில் இடித்து, திரைக்கு அடியில் புகுந்து, தரையைக் கிழித்துக்கொண்டு போனது. அறையில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லையா என்றால், பார்க்கவில்லைதான். எல்லோரும் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையைப் பார்க்க அங்கே யாருக்கு வேலை?

கண்டக்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகக் காலை விட்டார்.

"போலாம், ரைட்."

கால் இரும்பின் மேல் நின்றது.

அடுத்த காலும் வந்தது. முழு உடம்பும் ஸ்டூலின் மேல் இறங்கியது. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காததால், அது வெடவெடவென்று நடுங்கியது.

"என்னம்மா இது, ஸ்டூல் இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் கண்டக்டர்.

"அது பழசு சார்," என்றாள் வேணி சிஸ்டர். "மாத்தணும்."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

கடைசி ஆளும் போன பிறகு, சிஸ்டர் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு வந்தாள். அப்போது மேஜை மேலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ரத்த அழுத்தம் சொல்கிற குரல் அல்ல, அதைவிடச் சின்னது.

"எங்கண்ணே போயிருந்தீங்க?"

ஸ்டூல் திடுக்கிட்டது. தான் போனது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

மிஷின் அவசர அவசரமாகச் சொன்னது. அந்த டாக்டருக்கு, ஆள் கட்டிலில் ஏறி உட்கார்ந்த உடனே பிரஷர் பார்க்கிற வழக்கம். இன்றைக்கு எல்லோரும் தாவியும் முக்கியும் ஏறினார்களா, எல்லோருக்கும் கணக்கு எகிறிவிட்டதாம். டாக்டர் மிஷின்தான் கெட்டுப்போச்சு என்று அதன் தலையில் தட்டினாராம். "நான் கேரண்டில இருக்கேண்ணே, கெட்டுப்போச்சுன்னா உடனே மாத்திடுவாங்க. எனக்கும் இங்க யாரையும் தெரியாது. அன்னிக்கு நீங்க ஊரைக் கேட்டீங்கள்ல, அப்ப கரண்ட் இல்ல, காதுல மட்டும் விழுந்துச்சு. என் ஊரு—"

சிஸ்டர் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஸ்டூல் காலை வரை காத்திருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று இரண்டையும் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தது. காலையில் கடைப் பையன் ஒருவன் அட்டைப் பெட்டியோடு வந்தான். மேஜை மேல் இருந்ததைச் சுற்றிக் கட்டி எடுத்துப் போனான். அதே இடத்தில் அதே முகம், அதே குரல், புதிய மிஷின். நெற்றியில் குங்குமம் இல்லை. அதை வைத்துத்தான் இது வேறு ஆள் என்று ஸ்டூலுக்கே தெரிந்தது.

இப்போதும் மத்தியானத்தில் அந்தக் கிளினிக் பக்கம் போனால், பூட்டிய கதவுக்குள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். ஒரு குரல்தான் இருக்கும். அணைத்துப் போட்ட மிஷினிடம் ஸ்டூல் பேசிக்கொண்டிருக்கும். "நான் ஸ்டூலும்மா. கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருப்பேன். இனிமே எங்கயும் போமாட்டேன். நீ பதில் சொல்ல வேணாம். காதுல விழுந்தாப் போதும்."

நடந்தது இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். டியூட்டி நேரத்தில் அது வெளியே போய் வந்த சேதி இன்னும் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அதற்கு வேலை போய்விடும். ஆனால் அவ்வளவாகப் பயப்படவும் தேவையில்லை. நீங்கள் நேரே போய் டாக்டரிடமே, உங்கள் ஸ்டூல் ஒருநாள் ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்ததே, தெரியுமா என்று கேட்டாலும், அவர் நிமிர்ந்து உங்களைத்தான் பார்ப்பார்.

"ஸ்டூலா? எந்த ஸ்டூல்?"