கொப்பரையும் நாலு லட்சம் பேரும்

காசியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹோமத்துக்குச் செங்கல் அடுக்குவார், பாதியில் எழுந்து கைப்பேசியைப் பார்ப்பார். தர்ப்பையை எடுத்து வைப்பார், மறுபடியும் பார்ப்பார். அறுபத்து மூன்று வயசு, சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பன்னிரண்டு வருஷமாக மடத்துச் சீடர். இத்தனை இருந்தும் கை சொன்னபடி கேட்கவில்லை, பாவம்.

நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். நாலு நாளைக்கு முன்னால் மடத்தின் குரு அருளம்மையும் அவரும் காசிக்குப் புறப்பட்டார்கள். அருளம்மை வயதில் அவரைவிடப் பதினெட்டு வருஷம் இளையவர், ஆனாலும் எல்லாருக்கும் அம்மா. விமான நிலையத்தில் சோதனை செய்கிற பெண் ஒருத்தி இவர்கள் பையைத் தனியே இழுத்து வைத்தாள். உள்ளே, காசியில் ஹோமம் செய்ய மாசிலாமணி பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு கொப்பரைத் தேங்காய். "இது பிளேன்ல போகாது சார்" என்று எடுத்துத் தொட்டியில் போட்டாள். சிரிக்கவில்லை, கும்பிடவில்லை. காவி உடுத்தியவர் என்று ஒரு வார்த்தை தணிந்து பேசவில்லை. போதாததற்கு, கருவி சத்தம் போடுகிறது என்று அம்மாவைத் திரைக்குள் வேறு கூட்டிக்கொண்டு போனாள். பெண்களை அதற்குள் வைத்துத்தான் சோதிப்பார்கள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

மாசிலாமணிக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தத் திரையையும், அம்மாவின் கண்ணையும், அந்தப் பெண்ணின் முகத்தையும், சட்டையில் குத்தியிருந்த செண்பகவல்லி என்ற பெயரையும் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தார். 'துறவிக்கே இந்தக் கதி' என்று எழுதி, காசியில் இறங்கியதும் இணையத்தில் ஊருக்கெல்லாம் போட்டுவிட்டார். அம்மாவைக் கேட்டுப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. யாத்திரையில் விமானம் ஏறியதும் அம்மா மௌனம். திரும்பி வந்து மடத்தில் ஹோமம் தொடங்கும்போதுதான் வாய் திறப்பார்.

அன்று காலை வாய் திறந்தார்.

"ஐயா, ஏன் இப்படித் தவிக்கிறீங்க?"

மாசிலாமணி கொட்டித் தீர்த்துவிட்டார். அம்மா குண்டத்தின் முன்னால் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனங்க என்ன சொல்றாங்க?"

"நம்ம பக்கம்தாம்மா. 'இவங்களுக்கு மரியாதையே தெரியாது, நடக்க முடியாத எங்க அப்பாவை எழுந்து நிக்கச் சொன்னாங்க'ன்னு ஒருத்தர். 'பெரிய மனுஷன் வந்தா சல்யூட், சாமியார் வந்தா சோதனை'ன்னு ஒருத்தர். 'எங்கம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாயைப் பிடுங்கிட்டாங்க'ன்னு ஒரு பொண்ணு."

"அவங்களுக்காக யாரும் பேசலையா?"

"ஒரே ஒருத்தன். 'எட்டு மணி நேரம் கால் கடுக்க நிக்கிறாங்க, அதையும் பாருங்க'ன்னான். அவனை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

"வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. விசாரணை அதிகாரி போன் பண்ணினார். உங்க வாக்குமூலம் வாங்கப் பத்து மணிக்கு இங்கே வர்றார். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அவ சீட்டு கிழிஞ்சுதும்மா. திரைக்குள்ள என்ன நடந்ததுன்னு மூணு நாளா கேட்டும், 'விதிப்படி சோதிச்சேன்'ங்கிறதைத் தவிர ஒரு வார்த்தை வரலையாம். தப்புப் பண்ணினவ வேற எப்படி இருப்பா?"

 அம்மா சமித்துக் குச்சிகளைக் குண்டத்தில் அடுக்கிக் கற்பூரம் வைத்தார். முந்தைய நாள் பெய்த மழையில் சமித்து நனைந்திருந்தது. கற்பூரம் எரிந்து தீர்ந்தது. புகை வந்தது, தீ வரவில்லை. இன்னொரு முறை வைத்தார். அதுவும் போயிற்று.

"என்ன செய்யலாம், ஐயா?"

"இதென்னம்மா கேள்வி, ஒரு கொப்பரையை உடைச்சுப் போட்டா சரியாயிடும். முழுக்க எண்ணெய். குப்புன்னு பிடிச்சுக்கும்."

"போடுங்க."

மாசிலாமணி உடைத்துப் போட்டார். கற்பூரம் பட்டதும் கொப்பரை தன் வேலையைக் காட்டியது. முகத்துக்கு நேரே எழுந்த தீயில் அவர் இரண்டடி பின்னால் போய்ப் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னப்போ நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் அம்மா.

மாசிலாமணி தீயைப் பார்த்தார்.

"'சாமி சாமான், இதுல என்ன ஆபத்து இருக்கு'ன்னு கேட்டேன்."

அம்மா நெய்யை எடுத்துத் தீயில் விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மணி ஒன்பதே முக்கால். அவர் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலைப் பார்த்தார்.

"சரிம்மா, கொப்பரை என் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா திரைக்குள்ள நடந்தது? கண் கலங்கித்தானே வந்தீங்க? மனசு கேக்கலையேம்மா."

"திரைக்குள்ள என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நான் வெளியில நின்னேன்."

அம்மா இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளிருந்து ஒரு பழைய இரும்புச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது என்னம்மா?"

"என் வீட்டுச் சாவி. விட்டுட்டு வந்தேனே, அந்த வீடு."

எல்லாவற்றையும் விடச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். இவர் பேச்சைக் கேட்டுத்தான் மாசிலாமணி கட்டின வீட்டை மகன் பேருக்கு எழுதிவிட்டு வந்தார். அவருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"எத்தனை வருஷமா?"

"பதினாறு வருஷமா. யாருக்கும் தெரியாது. அன்னிக்குக் கருவி கத்தினதும் மாட்டிக்கிட்டேன். 'அம்மா, இப்போ தோளைத் தொடறேன், இப்போ இடுப்பைத் தொடறேன்'னு சொல்லிச் சொல்லிப் புறங்கையாலதான் சோதிச்சா. முடிச்சு தட்டுப்பட்டுது. 'இது என்னம்மா?'ன்னா. வீட்டுச் சாவின்னேன். என்னைப் பார்த்தா, என் காவியைப் பார்த்தா. அவ்வளவுதான். எந்த வீடுன்னு கேக்கலை. எனக்குத் திரும்ப முடிச்சுப் போட வரலை. அவதான் கட்டி விட்டா. அஞ்சு நிமிஷம் அதுக்குத்தான் ஆச்சு."

மாசிலாமணியின் கைப்பேசி டிங் என்றது. அவர் எடுக்கவில்லை.

"அவ இதைச் சொல்லியிருக்கலாமேம்மா. 'துறவி இடுப்புல வீட்டுச் சாவி'ன்னு ஒரு வார்த்தை. சனமெல்லாம் அந்த நிமிஷமே அவ பக்கம் சாய்ஞ்சிருக்குமே. அவளைத் திட்டின வாயெல்லாம் நம்மளைத் திட்டியிருக்குமே."

"ஆமா."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கா?"

அம்மா தீயில் இன்னொரு துண்டு கொப்பரையைப் போட்டார்.

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாசிலாமணி பதறிப்போய்ச் சாவியை எடுத்து அம்மாவின் கையில் திணித்தார்.

"உள்ளே வச்சிருங்கம்மா. படத்தை இப்பவே நீக்கிடறேன். மன்னிப்பும் கேட்டு எழுதறேன், என் பேர் போட்டே எழுதறேன். நீங்க அதிகாரிகிட்ட 'ஒண்ணும் நடக்கலை'ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"நான் கண் கலங்கி வந்ததை நாலு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. ஒண்ணும் நடக்கலைன்னா அவர் நம்புவாரா? அந்தப் பொண்ணு மிரட்டிச் சொல்ல வச்சான்னு நீங்களே நாளைக்கு எழுதுவீங்க."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சாவியை முடிந்துகொள்ளவில்லை. உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போக எழுந்தார்.

"மடத்து மானம் போயிடுமேம்மா" என்றார் மாசிலாமணி, கெஞ்சுகிற குரலில்.

"அதை மூணு நாளா அந்தப் பொண்ணு ஒருத்தியா சுமந்துக்கிட்டு நிக்கிறா, ஐயா. இப்பவாவது இறக்கி வைக்கட்டும்."