பட்டியலின் முதல் பெயர்

ஆலை அலுவலகத்தில் மெயில் சர்வரை மாற்றினார்கள். அறுபது பேரின் கம்ப்யூட்டரிலும் மெயில் செட்டிங்கைத் திருத்தும் வேலை, ஒப்பந்த ஊழியர் பொற்கொடியின் தலையில் விழுந்தது.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். இல்லன்னா வேலைக்கே வராதே!” என்றார் மேலாளர் சடகோபன்.

ஆனால் அவளுக்காக ஐந்து நிமிடம் இருக்கையை விட்டு எழ யாருக்கும் மனமில்லை. சடகோபனே, “அப்புறம் வா” என்று விரட்டினார்.

மறுநாள் காலை லிஃப்ட் கதவில் ஒரு பட்டியல் தொங்கியது: ‘புதிய மெயிலுக்கு இன்னும் மாறாதவர்கள்.’ முதல் பெயர் சடகோபன்.

“என் பேரை எதுக்கு முதல்ல போட்டே?” என்று குதித்தார்.

“பதவி வரிசைப்படி எழுதினேன் சார். உங்களுக்கு மேல யாரைப் போடுறது?”

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். சடகோபன் அவளுக்குத் தன் அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் கம்ப்யூட்டரை முடித்து, பட்டியலில் அவர் பெயரை அடித்ததுமே, “அடுத்தது என்னுது!” என்று ஆளாளுக்கு முந்தினார்கள். நாலு மணிக்குக் கடைசிப் பெயரையும் அடித்துவிட்டு, பொற்கொடி நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.